சாந்தாமணியம்மா போடாத சீட்டு

அந்தப் பெரிய பெட்டியைக் கீழ வெச்சிருங்க அம்மிணி. வாங்கக் கூடாதுன்னு சொல்லலீங்க. நல்ல விளையாட்டுத்தான், எங்கிட்டயே ஒண்ணு இருக்குது. நீங்க போன்ல பேசுனது காதுல விழுந்துச்சு. ஒட்டுக் கேக்கலீங்க, இந்த விளையாட்டுச் சாமான் கடை அத்தனை சின்னது. சனிக்கிழமை சாயங்காலம் பொழுதோட ஆபீஸ்காரங்க எட்டுப் பேர் வீட்டுக்கு வர்றாங்க, சும்மா ஜாலியா ஏதாவது விளையாடோணும்னு சொன்னீங்க. அந்த 'சும்மா ஜாலியா'வுக்குப் பெட்டி தேடறதுதான் இருக்கறதுலயே கஷ்டம். நான் அதைத் தேடப் போயி எங்கண்ணன் மக கல்யாணமே நிக்கப் பார்த்துச்சு. குத்தம் பூராவும் எம்மேலதான்னு வீட்ல எல்லாரும் சொல்றாங்க. நீங்க வெளி ஆளு. கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க.

எம்பேரு நாச்சிமுத்து. கோபியில போர்வெல் மோட்டார் கடை வெச்சிருக்கறேன். மோட்டார் விக்கறவனுக்கும் விளையாட்டுப் பெட்டிக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க. எங்கண்ணனும் அதையேதான் கேப்பாரு. ஒரு கஸ்டமரோட பையன் வெளிநாட்டுல இருந்து வந்தப்ப ஒரு பெட்டி கொண்டாந்து குடுத்தானுங்க. ஒரு தீவு இருக்கும். அதுல ஊரு கட்டோணும், ரோடு போடோணும், ஆட்டைக் குடுத்துச் செங்கல் வாங்கோணும். அன்னைக்கு விழுந்தவன் இன்னும் எந்திரிக்கல. மத்தவங்களுக்கு இந்த வயசுல சர்க்கரை வரும், எனக்கு இது வந்துச்சு. எங்க வீட்டுப் பீரோவுல என் சம்சாரம் ருக்குமணி சேலைக்கு இப்ப ஒரே ஒரு தட்டுத்தான். மீதியெல்லாம் பெட்டி. புதுசு ஒண்ணு வந்தா நான் ரூல் பொஸ்தகத்தைப் படிச்சு அவளுக்குச் சொல்லிக் குடுத்து, ரெண்டு பேரும் ஆடுவோம். வேற யாரும் ஆட வர மாட்டாங்க. ஒரு தடவை வந்தவங்க மறுதடவை வர மாட்டாங்க. ஏன்னு அப்ப எனக்குத் தெரியாதுங்க.

எங்கண்ணன் மக பேரு தாரணி. கோயமுத்தூர்ல கம்ப்யூட்டர் வேலை. அவளுக்குப் பொள்ளாச்சியில மாப்பிள்ளை அமைஞ்சுது. பையன் பேரு நவநீதன், நல்ல பையன். அவங்கப்பா வெள்ளியங்கிரி, கொப்பரை மண்டி வெச்சிருக்கறாரு. ஊர்ல பெரிய மரியாதை. பேச மாட்டாரு, கனைப்பாரு, அதுலயே நாலு பேரு எந்திரிச்சு நிப்பாங்க. அவங்கம்மா சாந்தாமணி. அந்தம்மா அதையும் விடப் பேசாது.

பேச்செல்லாம் முடிஞ்சு நிச்சயத்துக்கு நாள் பார்க்கற சமயம். தாரணிதான் சொன்னா, ரெண்டு குடும்பமும் ஒரு நாள் ஒண்ணா இருந்து பார்க்கலாம், கோத்தகிரியில ஒரு வீட்டை வாடகைக்கு எடுக்கலாம்னு. அந்தக் காலத்துல அப்படியெல்லாம் இல்லைன்னு எங்கண்ணன் முனகுனாரு, ஆனா ஒத்துக்கிட்டாரு. அப்புறம் அவ எனக்குப் போன் பண்ணுனா.

"சித்தப்பா, பொழுதோட எல்லாரும் ஆளுக்கொரு போனை எடுத்துட்டு ஆளுக்கொரு மூலையில உக்காந்துக்குவாங்க. உங்க பெட்டியில இருந்து ஒண்ணு ரெண்டு கொண்டாங்க. சுலபமா இருக்கோணும். கேக்குதுங்களா, சுலபமா."

ரெண்டு தடவை சொன்னா அம்மிணி. எனக்கு ஒரு தடவை கூடக் கேக்கலீங்க. எனக்குக் கேட்டதெல்லாம் 'உங்க பெட்டியில இருந்து'ங்கறதுதான். நம்ம குடும்பத்துல நம்மகிட்ட ஒருத்தரு ஒரு வேலை குடுத்து எத்தனை வருசமாச்சு. கல்யாண வீட்டுல எனக்கு எப்பவும் ஜெனரேட்டருக்கு டீசல் ஊத்தற வேலைதான் குடுப்பாங்க.

அன்னையில இருந்து எனக்குத் தூக்கமே இல்ல. யாருக்கு இங்கிலீசு வராது, யாருக்குக் கண்ணாடி வேணும், யாரு கீழ உக்கார மாட்டாங்க, எல்லாம் யோசிச்சேன். ரூலையெல்லாம் தமிழ்ல எழுதி லேமினேசன் போட்டேன். மழையில நனைஞ்சிரக் கூடாது பாருங்க. வீட்டுக்குள்ள ஏன் மழை பெய்யப் போகுதுன்னு ருக்குமணி கேட்டா. கடையில மெக்கானிக்குங்களை உக்கார வெச்சு ஒத்திகை பார்த்தேன். நம்ம பழனிச்சாமி பாதியிலயே எந்திரிச்சு, "அண்ணா, இதுக்கு நான் இன்னொரு மோட்டாருக்குக் காயில் சுத்தீர்றேனுங்க"ன்னு போயிட்டான். அப்பவாவது எனக்கு உறைச்சிருக்கோணும். இவனுக்கு ரசனை பத்தாதுன்னு நினைச்சேன்.

கிளம்பற அன்னைக்குக் கார் டிக்கியில அஞ்சு பெட்டி. சட்டைப் பையில ஒரு விசில்.

"விசில் எதுக்குங்க?"ன்னா ருக்குமணி.

"ஒழுங்குக்கு."

அவ சுவெட்டருக்குப் பையில இடமில்ல, மடியில வெச்சுக்கிட்டு வந்தா.

கோத்தகிரியில நல்ல பனி. மத்தியானச் சாப்பாடு நல்லபடியா போச்சு. நவநீதன்தான் கலகலன்னு பேசிக்கிட்டிருந்தான். "எங்க வீட்லயும் விளையாட்டு உண்டுங்க மாமா. ஞாயித்துக்கிழமைன்னா ரம்மிதான். அப்பாவை இதுவரைக்கும் யாரும் ஜெயிச்சதில்ல"ன்னான். வெள்ளியங்கிரி மீசையைத் தடவிக்கிட்டு, "கைராசி. வேறொண்ணுமில்லீங்க"ன்னாரு. சாந்தாமணியம்மா ரசத்தை எடுத்து அவருக்கு ஊத்துச்சு. எனக்கு ஒரே சந்தோசம். ஆட்டம் தெரிஞ்ச ஆளு ஒருத்தரு கிடைச்சுட்டாருன்னு.

பொழுதோட எல்லாரையும் ஹால்ல உக்கார வெச்சேன். எங்கண்ணன், அண்ணி, தாரணி, நாங்க ரெண்டு பேரு, அவங்க வீட்ல மூணு பேரு. மொதல்ல எடுத்தது எதுன்னு நினைக்கறீங்க. நீங்க கையில வெச்சிருந்தீங்களே, அதே தீவு. ரூலைச் சொல்ல ஆரம்பிச்சேன். சொன்னேன், சொன்னேன், சொல்லிக்கிட்டே இருந்தேன். அண்ணி உக்காந்தபடியே தூங்கிருச்சு. வெள்ளியங்கிரி மட்டும் மரியாதைக்குக் கேட்டுக்கிட்டிருந்தாரு.

"இந்த ஆடு எதுக்குங்க?"

"செங்கல் வாங்கறதுக்குங்க."

"செங்கலை நேரா வாங்க முடியாதுங்களா?"

"முடியாதுங்க. ஆட்டைக் குடுத்துத்தான் வாங்கோணும்."

"எங்க ஊர்ச் செங்கல் காளவாயில ஆடு வாங்க மாட்டாங்களே"ன்னாரு. சிரிக்காம சொன்னாரு. எங்கண்ணன் என்னையப் பார்த்த பார்வையில ஆடு செத்துரும். தாரணி பெட்டியை மூடி, "வேற எடுங்க சித்தப்பா"ன்னா.

ரெண்டாவது எடுத்தது சீட்டு. ஆளாளுக்கு நம்பர் போட்ட சீட்டு இருக்கும். எல்லாருஞ் சேர்ந்து சின்னதுல இருந்து பெருசுக்கு வரிசையா போடோணும். ஆனா ஒருத்தருக்கொருத்தரு பேசக் கூடாது, சாடை காட்டக் கூடாது. மனசுல நினைக்கறதை மனசு புரிஞ்சுக்கோணும். கல்யாணம் பேசுன குடும்பத்துக்கு இதை விட நல்ல விளையாட்டு உண்டுங்களா. அப்படித்தான் நினைச்சேன். அண்ணி முழிச்சு, "இப்ப என்ன பண்றாங்க"ன்னு கேட்டுச்சு, விசிலடிச்சேன். நவநீதன் தாரணியைப் பார்த்துச் சிரிச்சான், விசிலடிச்சேன். வெள்ளியங்கிரி கனைச்சாரு. அதுக்கும் அடிச்சேன், ரூல் ரூல்தானுங்களே. எங்கண்ணன் சீட்டைக் கீழ போட்டுட்டு, "கலந்து பேசிப் பழகட்டும்னு மலை ஏறி வந்திருக்கறோம். இவன் சம்மந்தி வீட்டுக்காரங்களைப் பேசாதீங்கன்னு விசிலடிக்கறான்"னாரு. அப்பத்தான் எனக்கே அது தோணுச்சு. விசிலை ருக்குமணி கேட்டு வாங்கி அவ பையில போட்டுக்கிட்டா.

மூணாவது பெட்டி மாங்கா ஏலம். அதை மட்டும் நான் சரியாத்தான் எடுத்தேன் அம்மிணி, அதை எல்லாருமே ஒத்துக்கறாங்க. ஒரு நிமிசத்துல சொல்லிரலாம். எல்லார் கையிலயும் ஒண்ணுல இருந்து பதினஞ்சு வரைக்கும் சீட்டு. நடுவுல ஒரு மாங்காக் கூடை வரும். ஆளுக்கொரு சீட்டைக் கவுத்து வெச்சு, ஒண்ணா திருப்போணும். யாரு பெரிய நம்பரோ கூடை அவங்களுக்கு. போட்ட சீட்டு போனதுதான், திரும்ப வராது. சின்னக் கூடைக்குப் பெரிய சீட்டைப் போட்டா பின்னால பெரிய கூடை வர்றப்ப வெறுங்கையா நிப்பீங்க. கடைசியில ஒரு சீட்டு மட்டும் கையிலயே மிஞ்சும், அதை யாருக்கும் காட்ட வேண்டியதில்ல. அவ்வளவுதான் ஆட்டம்.

அப்பா, என்னா சத்தம். தூங்குன அண்ணி எந்திரிச்சு முழங்கால்ல நின்னுக்கிட்டு ஆடுச்சு. எங்கண்ணன் வெள்ளியங்கிரி தோள்ல தட்டறாரு, அவரு இவர் தொடையில தட்டறாரு. தாரணியும் நவநீதனும் ஒருத்தர் சீட்டை ஒருத்தர் எட்டிப் பார்த்துச் சண்டை. ஆட்டத்துக்கு ஆட்டம் வெள்ளியங்கிரிதான் ஜெயிச்சாரு. ஜெயிக்க ஜெயிக்க மனுசன் பேச ஆரம்பிச்சுட்டாரு. சின்ன வயசுல சைக்கிள் பந்தயம் போனது, விழுந்து பல்லு போனது, எல்லாம் சொன்னாரு. நான் நடுவர். ஆடாம ஓரமா உக்காந்து பார்த்துக்கிட்டிருந்தேன். நாச்சிமுத்து, நீ பொறந்ததே இதுக்குத்தாண்டான்னு நினைச்சுக்கிட்டேன்.

அதோட எந்திரிச்சிருக்கோணும்.

அந்த ஆட்டத்துல கடைசிக் கூடை, இருக்கறதுலயே பெருசு. அதை எடுக்கறவங்களுக்குத்தான் ஜெயம். எல்லாரும் பெரிய சீட்டையெல்லாம் போட்டுத் தீர்த்துட்டாங்க. வெள்ளியங்கிரி ஒம்பதைப் போட்டாரு. சாந்தாமணியம்மா ரெண்டைப் போட்டுச்சு. கூடை அவருக்கு. கைதட்டறாங்க. நான் சீட்டை வாங்கி அடுக்கறேன். அந்தம்மா கையில மிஞ்சுன சீட்டு என்னன்னு பார்த்தா, பதினஞ்சு.

எனக்கு ஒரு பழக்கமுங்க. ஆட்டம் முடிஞ்சா யாரு எங்க தப்புப் பண்ணுனாங்கன்னு எடுத்துச் சொல்லீட்டுத்தான் அடுத்த ஆட்டத்துக்குப் போவேன். கத்துக்கட்டும்னுதான்.

"ஏனுங்கம்மா, பதினஞ்சு கையில இருக்குதே. இதைப் போட்டிருந்தா நீங்கதானே ஜெயிச்சது"ன்னேன். சீட்டை எல்லாரும் பார்க்கற மாதிரி தூக்கிப் பிடிச்சேன்.

"மறந்துட்டனுங்க"ன்னுச்சு அந்தம்மா.

சரின்னு விட்டிருந்தா நான் ஏன் உங்ககிட்ட நின்னு பேசிக்கிட்டிருக்கறேன். பாவம், ஆட்டம் புரியலியாட்ட இருக்குதுன்னு நினைச்சேன். "மறக்கலீங்கம்மா, நான் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். இதைத்தான் மொதல்ல எடுத்தீங்க. அப்புறம் அவரைப் பார்த்தீங்க. பார்த்துட்டு, இதை உள்ள வெச்சுட்டு ரெண்டை எடுத்தீங்க. முந்துன ஆட்டத்துலயும் இப்படியேதான். பெரிய நம்பர்தான் ஜெயிக்கும், சின்னது இல்ல"ன்னு நிதானமா, சத்தமா, குழந்தைக்குச் சொல்ற மாதிரி சொன்னேன்.

ருக்குமணி என் சட்டையைப் பிடிச்சு இழுத்தா. என்னன்னு திரும்பிக் கேட்டேன் பாருங்க, அந்த அளவுக்கு நான்.

வெள்ளியங்கிரி அந்தச் சீட்டை எங்கிட்ட இருந்து வாங்கிப் பார்த்தாரு. "ஏன் போடல?"ன்னாரு.

அந்தம்மா சேலைத் தலைப்பைச் சரி பண்ணுச்சு.

"ஞாயித்துக்கிழமை ரம்மியிலயும் இப்படித்தானா?"

அவரு மகனைப் பார்த்தாரு. நவநீதன் தரையைப் பார்த்தான்.

"நீயுமாடா?"

"சின்ன வயசுலயே அம்மா சொல்லிருக்கறாங்கப்பா. ஜெயிக்கற மாதிரி வந்தா ஒரு சீட்டை மாத்திப் போட்டுருன்னு."

அவரு சீட்டைக் கீழ வெச்சாரு. எறியல, கத்தல. "சாப்பிடலாமுங்களா"ன்னு எங்கண்ணனைப் பார்த்துக் கேட்டுட்டு எந்திரிச்சு வெளிய போயிட்டாரு. மறுநாள் காலையில டிபனுக்கு முன்னாலயே, மண்டிக்கு லோடு வருதுன்னு கிளம்பிட்டாங்க.

எங்கண்ணன் கார் சாவியைக் கையில வெச்சுக்கிட்டு நின்னாரு. "மிஞ்சுன சீட்டைக் காட்ட வேண்டியதில்லைன்னு ரூல் சொன்னது யாரு?"

"நான்தானுங்கண்ணா."

"அதை எடுத்துக் காட்டுனது யாரு?"

அன்னையில இருந்து அவரு எங்கிட்டப் பேச்சை நிறுத்திட்டாரு. கடைக்கு முன்னால வண்டியில போவாரு, மோட்டார் போர்டைப் பார்த்துட்டுப் போவாரு.

இதுல இன்னொண்ணு. அவங்க பக்கமிருந்து சம்பந்தம் வேண்டாம்னு யாரும் சொல்லல. தாரணிதான் நிறுத்துனா. கடைக்கே வந்து சொன்னா. "கோத்தகிரியில நவநீதன்கிட்டக் கேட்டேன் சித்தப்பா, அந்த வீட்டுக்கு வந்தா நானும் தோத்துக்கிட்டே இருக்கோணுமான்னு. அதுல என்ன இருக்குது, அப்பா சந்தோசப்படுவாருல்லன்னாரு. ரொம்ப சாதாரணமா சொன்னாரு. நான் யோசிக்கோணும்."

"ரம்மி ரொம்பச் சுலபம் அம்மிணி, வேணும்னா நான் சொல்லித் தர்றேன்"னு சொன்னேன்.

அவ டீயைக் குடிச்சுட்டுப் போயிட்டா.

பெட்டியையெல்லாம் கட்டிப் பரண்ல ஏத்திட்டேன். மாங்கா ஏலத்தை மட்டும் கடையில மேசை டிராயர்ல போட்டு வெச்சேன். அதும்மேல எனக்குக் கோபமில்ல, அது என்ன பண்ணும். இப்படியே ரெண்டு மாசம் போச்சு. ஒரு நாள் மத்தியானம் கடை வாசல்ல கார் நின்னுச்சு. இறங்குனது வெள்ளியங்கிரி. தனியா. அடிக்க வந்திருக்கறாருன்னுதான் நினைச்சேன். அடிச்சா வாங்கிக்கலாம்னு எந்திரிச்சு நின்னேன். அவரு நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்து, டீயைக் குடிச்சாரு. மோட்டார் வெலையெல்லாம் விசாரிச்சாரு. அப்புறம் கேட்டாரு.

"அந்த மாங்காச் சீட்டு இருக்குதுங்களா?"

டிராயர்ல இருந்து எடுத்தேன்.

"ஒரு கை போடுங்க. ரெண்டு பேரு ஆடலாமுங்கல்ல?"

ஆட உக்காந்தோம். எனக்கு அப்ப ஒரு பெரிய புத்தி வந்துச்சு பாருங்க. கல்யாணத்தைக் காப்பாத்த இதை விட்டா வேற நேரமில்ல, இவருகிட்டத் தோத்துரலாம்னு. பெரிய கூடை வந்துச்சு. எங்கையில பதிமூணு இருக்குது. மூணை எடுத்துக் கவுத்து வெச்சேன். அவரு என் கையைப் பிடிச்சாரு.

"அந்த இன்னொண்ணைப் போடுங்க."

"எதுங்க?"

"உங்க மொகரையிலயே தெரியுதுங்க"ன்னாரு.

அம்மிணி, அந்தம்மா இத்தனை வருசமா பண்ணுன வேலையை என்னால ஒரு நிமிசம் பண்ண முடியல. பதிமூணைப் போட்டேன். ஜெயிச்சேன். அடுத்ததும் நான்தான். அதுக்கடுத்ததும். அவரு ஒவ்வொரு தடவையும் கனைச்சுட்டு, "இன்னொண்ணு"ம்பாரு. நடுவுல சீட்டைப் பார்த்துக்கிட்டே பேசுனாரு.

"இப்பெல்லாம் வீட்ல யாரும் ரம்மிக்கு உக்கார மாட்டேங்கறாங்க. சீட்டுக் கட்டை எடுத்தாலே ஆளுக்கொரு வேலை வந்துருது. மண்டியில ஒரு வெலை சொன்னா ஆமாங்கறான். நிலம் வாங்கலாமான்னா ஆமாங்கறான். முன்ன இதெல்லாம் காதுல விழுகாது. இப்ப ஒவ்வொருத்தனும் ஆமாங்கறப்ப, கையில எத்தனாம் நம்பரை வெச்சுக்கிட்டுச் சொல்றான்னு தோணுது. நான் எப்படி ஆடறேன்னு எனக்கே தெரியோணும் பாருங்க. அதுதான் வந்தேன். நீங்க ஒருத்தருதான் மொகத்துக்கு நேரா சொல்ற ஆளு."

என்னையப் பத்தி ஒருத்தரு நல்ல வார்த்தை சொன்னது அதுதான். அது நல்ல வார்த்தையான்னு ருக்குமணிகிட்டக் கேட்டேன், அவ யோசிச்சுச் சொல்றேன்னா.

வெயில் இறங்கற நேரத்துக்கு ஒரு ஆட்டம் அவரு ஜெயிச்சாரு. நான் கஞ்சத்தனமா பெரிய சீட்டையெல்லாம் பத்திரமா வெச்சிருந்து, கடைசியில சின்னக் கூடைக்குப் போட்டுக் கோட்டை விட்டேன். அவரு சிரிக்கல. "நெசமுங்களா?"ன்னாரு. சத்தியமா நெசம்னேன். "மிஞ்சுன சீட்டைக் காட்டுங்க"ன்னாரு. காட்டினேன். நாலாம் நம்பர். அதை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தாரு. அப்புறம் எந்திரிச்சு வேட்டியைச் சரி பண்ணிக்கிட்டு, "ஞாயித்துக்கிழமை எல்லாரும் பொள்ளாச்சிக்கு வந்துருங்க. பொண்ணையும் கூட்டியாங்க. விசில் வேண்டாம்"னாரு.

போனோம். எங்கண்ணன் என்னைய வண்டியில ஏத்தும் போதே, வாயைத் திறக்கக் கூடாதுன்னு அண்ணிகிட்டச் சொல்லி விட்டுத்தான் ஏத்துனாரு. அவங்க வீட்டு ஹால்ல பாய் விரிச்சிருந்துச்சு. வெள்ளியங்கிரி ரம்மிச் சீட்டைக் கலைச்சுக்கிட்டே அவங்க சம்சாரத்தைக் கூப்பிட்டாரு.

"வந்து உக்காரு. இன்னைக்கு நெசமா ஆடு."

"வேண்டாமுங்க. அடுப்புல வேலை இருக்குது."

"ஆடு."

அந்தம்மா கையைத் துடைச்சுக்கிட்டு வந்து உக்காந்துச்சு. சீட்டை எடுத்து அடுக்குச்சு. அம்மிணி, நான் எத்தனையோ பேரு ஆடறதைப் பார்த்திருக்கறேன். அந்தக் கை மாதிரி பார்த்ததில்ல. எடுக்கறது தெரியல, போடறது தெரியல, நாம சீட்டைப் பிரிச்சுப் பார்க்கறதுக்குள்ள கீழ விரிச்சு வெச்சிருது. மொத ஆட்டம், அடுத்தது, அதுக்கடுத்தது. யாரு எந்தச் சீட்டுக்குக் காத்திருக்கறாங்கன்னு எல்லாம் தெரியுது. தெரியாதா பின்ன. ஒருத்தரைத் தெரியாம ஜெயிக்க வெக்கோணும்னா எல்லார் கையையும் படிச்சாத்தானே முடியும்.

வெள்ளியங்கிரி மொகம் கறுத்துப் போச்சு. எந்திரிச்சாரு. கொல்லைப்பக்கம் போனாரு. எங்கண்ணன் என்னையப் பார்த்தாரு, நான் வாயைத் திறக்கவே இல்லீங்க. பம்பு செட்டுல தண்ணி விழுகற சத்தம் கேட்டுச்சு. அவரு மூஞ்சி கழுவிக்கிட்டு, தோள்ல துண்டோட திரும்பி வந்து, அதே எடத்துல உக்காந்தாரு.

"இத்தனை வருசமா இதையெல்லாம் எங்க வெச்சிருந்தே?"

"கையிலதானுங்க"ன்னுச்சு சாந்தாமணியம்மா.

அவரு சீட்டுக் கட்டை அந்தம்மா பக்கம் தள்ளி வெச்சு, "போடு. பார்க்கலாம்"னாரு.

அப்புறம் எல்லாரும் உக்காந்தாங்க. தாரணி நவநீதனை ரெண்டு கை ஜெயிச்சா. சந்தேகமா இருந்திருக்கும் போல. "நீங்க நெசமா ஆடறீங்களா?"ன்னா. அவன், "நெசமாத்தான் தோத்துக்கிட்டிருக்கறேன். இதுக்கு முன்ன தோத்துப் பழக்கமிருந்தும் இது வலிக்குது"ன்னான். அவ சிரிச்சா. திரும்பி வர்ற வழியில, கார் கோயமுத்தூர் ரோட்டுல ஒரு சிக்னல்ல நின்னப்ப, "அப்பா, நாள் பார்த்துருங்க"ன்னா. வர்ற ஆவணியில கல்யாணம். எனக்குப் பழையபடி ஜெனரேட்டர் வேலைதான். டீசல் ஊத்தறப்பக் கூட யாருக்கும் ரூல் சொல்லக் கூடாதுன்னு எங்கண்ணன் சொல்லிருக்கறாரு.

இதோட முடிஞ்சிருக்கோணும் பாருங்க. அன்னைக்குப் பொள்ளாச்சியில, கிளம்பற நேரத்துல, வெள்ளியங்கிரி கேட்டாரு, "உங்க வீட்ல எப்படிங்க?"ன்னு. நான் நெஞ்சை நிமித்திக்கிட்டு, "எங்க வீட்ல அந்தப் பேச்சுக்கே எடமில்லீங்க. நான் ஜெயிக்கறதெல்லாம் நெசமா ஜெயிக்கறதுதான்"னேன். எல்லாரும் ருக்குமணியைப் பார்த்தாங்க. அவ செருப்பைத் தேடிக்கிட்டிருந்தா. காலுக்குப் பக்கத்துலயேதான் கிடந்துச்சு.

வீட்டுக்கு வந்ததும் பரண்ல ஏறி அந்தத் தீவுப் பெட்டியை எடுத்தேன். "ருக்கு, உக்காரு. நெசமா ஆடு"ன்னேன். அவரு சொன்ன மாதிரியே சொன்னேன். அவ காப்பி வேணுங்களான்னா. ஆடுன்னேன். ஆடுனா. என்னைய ஒரு மூலைக்கு ஒதுக்கி, சுத்தியும் ரோடு போட்டு, எனக்கு ஒரு செங்கல் கூட வராம அடைச்சு, நான் கையில ஆட்டை வெச்சுக்கிட்டு யாருகிட்டக் குடுக்கறதுன்னு தெரியாம உக்காந்திருந்தேன்.

எனக்குக் கோபம் வரலீங்க. மனசு நெகிழ்ந்து போச்சு. இத்தனை நாளா எம்மேல இருந்த பிரியத்துல விட்டுக் குடுத்திருக்கறா, அந்தம்மா மாதிரின்னு நினைச்சேன். "ஏன் ருக்கு, எனக்காகவா?"ன்னு கேட்டேன்.

அவ காயெல்லாம் பொறுக்கிப் பெட்டியில போட்டுக்கிட்டே சொன்னா, "இல்லீங்க. நான் ஜெயிச்சா எங்க ஜெயிச்சேன், எப்படி ஜெயிச்சேன்னு நீங்க மறுபடியும் மொதல்ல இருந்து ரூல் சொல்லுவீங்க. தோத்துட்டா சீக்கிரம் எந்திரிச்சுப் போயி எம்பட வேலையைப் பார்க்கலாம்."

சிரிக்காதீங்க அம்மிணி. சரி, சிரிங்க. எங்கண்ணன் இதைக் கேட்டுட்டுத்தான் எங்கிட்டத் திரும்பப் பேசவே ஆரம்பிச்சாரு.

உங்களுக்கு அந்தக் கீழ்த்தட்டுல மஞ்சப் பெட்டி இருக்குது பாருங்க, மாங்கா ஏலம், அதை எடுத்துக்குங்க. நீங்களுஞ் சேர்ந்து ஒம்பது பேரு தாராளமா ஆடலாம். ரூல் ஒரு நிமிசம். அதுல நடுவர் வேலை ஒண்ணும் கிடையாது, இருக்கறதா நான்தான் நினைச்சுக்கிட்டேன். மிஞ்சுன சீட்டை அவங்கவங்களே உள்ள வெச்சுக்கட்டும்.

எனக்குங்களா. நான் இன்னைக்கு ஒண்ணும் வாங்கலீங்க. அதோ, கண்ணாடி அலமாரிக்குப் பக்கத்துல பச்சைச் சேலை, அவதான் ருக்குமணி. ரெண்டு பேரு ஆடற மாதிரி ஒண்ணு அவளே எடுக்கறேன்னா. என்னையப் பக்கத்துல வரக் கூடாதுன்னு சொல்லி இங்க நிறுத்திருக்கறா. பாருங்க, தப்பான பெட்டியை எடுக்கறா. அது மூணு பேராவது வேணும், பெட்டியிலயே போட்டிருக்குது. ஓடிப் போயிச் சொல்லீரலாமான்னு காலு பரபரங்குது. நீங்க கிளம்பிராதீங்க அம்மிணி. அவ பில்லுப் போடற வரைக்கும் எங்கிட்ட ஏதாவது பேச்சுக் குடுத்துக்கிட்டு நில்லுங்க.